பத்தடி தூரத்துச் செம்பருத்தி

ரங்கத்,
அந்தமான்,
7-8-1966

அன்புள்ள விசாலத்துக்கு,

நான் சௌக்கியம். மாமா காலமான பிறகு போட்டோ ஸ்டுடியோவை நீ ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்பதை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. ஆவணி முகூர்த்த வேலைகளை முடித்துவிட்டு செப்டம்பர் கடைசிக் கப்பலில் புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. கூரைத் தகரம் மாற்றுகிறார்கள். வீடு கிடக்கிற கிடையில் நீ வந்தால் பெட்டி வைக்கக்கூட இடமிருக்காது.

நீ போட்டுவிட்டுப் போன தோட்டம் இருக்கிறதா செத்ததா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். சொன்னால் நம்பமாட்டாய் என்று படமே எடுத்திருக்கிறேன். நம் காமிரா லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த மழையில் எதில்தான் பிடிக்கவில்லை. ஊர் திரும்பிய கப்பல் வயர்லெஸ்காரர் ஒருவர் பழைய ஜெர்மன் டெலிஃபோட்டோ லென்ஸ் ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்தியது, ஒரு சாண் நீளம். காமிராவில் மாட்ட முடிகிறது. ஆனால் தூரம் பார்க்கிற ஜன்னல் இதனோடு ஒத்துவரவில்லை. தூரத்தை நாமே அளந்து, லென்ஸில் எண் போட்ட வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். மர டிப்போவில் நாள் முழுக்கக் கட்டை அளக்கிறவனுக்கு ஒரு பூவை அளக்கத் தெரியாதா? பக்கத்து வீட்டு சேக் தாவூத் கடை திறக்கப் போகுமுன் டேப்பின் மறுமுனையைப் பூவோரம் பிடித்துக்கொண்டார். சரியாகப் பத்தடி. வளையத்தைப் பத்தில் வைத்தேன்.

சுருளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கழுவிப் பார். செம்பருத்தியைப் பார்த்து அசந்துபோவாய்.

இப்படிக்கு,
சிவஞானம்

கும்பகோணம்,
5-9-1966

அன்புள்ள அத்தானுக்கு,

அசந்துதான் போனேன். முப்பத்தாறு படத்தில் ஒரு பூகூட உருப்படியில்லை. செம்பருத்தி ஈரத்தாளில் மை ஊறியது போல இருக்கிறது. நந்தியாவட்டை மோரில் கரைந்துவிட்டது. அப்பாவிடம் இருபது வருஷம் இருந்த பழனிசாமி நெகடிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை மேகத்தைப் படம் எடுத்திருக்கிறாரா என்று கேட்கிறான். எனக்கு மானம் போகிறது.

பூவுக்குப் பின்னால் இருக்கும் வீடு மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது. தகரத்தில் ஆணியை எண்ணலாம். கூரை மாற்றுகிற வீடாகத் தெரியவில்லையே. கட்டில் ஏன் வராந்தாவில் கிடக்கிறது?

இன்னொன்று. எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே உயரத்தில். நாற்காலி போட்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்துகொண்டா எடுக்கிறீர்கள்? நாலடி எட்டி வைத்துப் பூவிடம் போனால் என்ன குறைந்துவிடும்? என்னை முதலில் பார்க்க வந்தபோது ஸ்டுடியோவின் மூங்கில் ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பி வைத்தவர் நீங்கள்.

கை ஆடியிருக்க வேண்டும். காமிராவை எதன் மேலாவது வைத்து, அதே பத்தடியில், அதே இடத்தில் இன்னொரு சுருள் எடுங்கள். வளையத்தை மாற்றாதீர்கள். செப்டம்பர் கப்பலை உங்களுக்காக விட்டுவிடுகிறேன். நவம்பரில் கட்டாயம் வருவேன்.

உங்கள்,
விசாலாட்சி

ரங்கத்,
3-10-1966

அன்புள்ள விசாலத்துக்கு,

என் கை ஆடுகிறதாம். உன் சொல்லுக்காக ஒரு படாக்கு மரக்கட்டையைத் துண்டு போடச் சொல்லி, அதன்மேல் காமிராவை வைத்தேன். யானை இடித்தாலும் அசையாது. வெயில் வந்தால் காற்று வருகிறது. காற்று நின்றால் மழை. இரண்டும் நின்ற ஒரு காலைப் பொழுதில் நான் குறிவைத்திருந்த செம்பருத்தியை சேக் தாவூதின் ஆடு தின்றுவிட்டது. அவர் மகள் ஜைனப் வந்து, "பாபு, பாபு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆடு கேட்கவில்லை. இந்த லென்ஸைத் திருப்பித் திருப்பி என் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. தூக்கிக் கடலில் வீசலாமா என்று இருக்கிறது.

கூரை வேலை போன வாரம்தான் முடிந்தது. உள்ளே புழுக்கம், அதனால் கட்டில் வெளியே. பக்கத்தில் போனால் பூவின் மேல் என் நிழல் விழுகிறது, அதனால் தூரம். போலீஸ் ஸ்டேஷன் மாதிரிக் கேட்கிறாய்.

நவம்பரில் வராதே. கார் நிக்கோபாருக்கு மாற்றல் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. நீ இங்கே வந்து இறங்க, நான் அங்கே போய் நிற்க, அது நன்றாக இருக்காது. உத்தரவு வந்த பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சிவஞானம்

கும்பகோணம்,
2-11-1966

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டாவது சுருளும் அதே லட்சணம். பூ கஞ்சி, வீடு கண்ணாடி.

கார் நிக்கோபாரில் தென்னையைத் தவிர அளப்பதற்கு எந்தக் கட்டை இருக்கிறது? உங்களை அங்கே எதற்கு அனுப்புவார்கள்? பொய் சொல்வதென்றால் எனக்கு மரியாதை கொடுத்து, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

வராந்தாப் படி மேல் பலகை சாய்த்துப் போட்டிருக்கிறதே, அது எதற்கு? கட்டிலுக்கு மேலே உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறதே, அது எதற்கு? அந்தக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள்? வேறு யாரையாவது கொண்டுவந்து வைத்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நான் பாட்டுக்கு மூன்று மாதமாகப் பெட்டியில் புடவையை அடுக்குவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். மழை பிடித்த மாடு மாதிரி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், அத்தான். எனக்கு அலுத்துவிட்டது.

புதுச் சுருள் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பத்தடி, பத்து. அதை மட்டும் மாற்றாதீர்கள்.

விசாலாட்சி

ரங்கத்,
30-11-1966

விசாலத்துக்கு,

கயிறு துணி காயப்போட. பலகை, மழையில் படி வழுக்குகிறது என்று போட்டது. வேறு யாரும் இங்கே இல்லை. நீ அப்படி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ அங்கேயே இருந்துவிடு. கும்பகோணத்தில் உனக்கு ஒரு தொழில் இருக்கிறது, பெயர் இருக்கிறது. இங்கே மழையும் அட்டையும்தான். ஒரு வருஷம் இருந்து பார்த்தாய், போதும். உன்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கஷ்டப்படுத்த எனக்கு இஷ்டமில்லை. ஊரில் யார் கேட்டாலும் நான்தான் வேண்டாமென்றேன் என்று சொல். கோபமோ குறையோ உன்மேல் எதுவும் இல்லை. தோட்டம் எனக்குத் துணை இருக்கிறது.

இது கடைசிச் சுருள். பூ விழாவிட்டால் போகட்டும். இனிமேல் எடுக்கமாட்டேன்.

சிவஞானம்

சென்னை,
9-1-1967

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் லென்ஸில் இருக்கும் எண்கள் அடி இல்லை. மீட்டர்.

ஜெர்மன்காரன் எதற்கு உங்களுக்காக அடியில் எழுதுவான்? பூ பத்தடியில் இருக்கிறது. நீங்கள் பத்து மீட்டரில் வைத்தீர்கள். பத்து மீட்டரில் வராந்தா இருக்கிறது. அந்தப் பாத்தியைக் கொத்தியவள் நான், எனக்கு அந்தத் தூரம் தெரியாதா? முதல் சுருளைக் கழுவிய அன்றைக்கே புரிந்துவிட்டது. மூன்றில் வையுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பூ கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கும், பின்னால் வீடு கலங்கிப் போயிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. கை ஆடுகிறது என்று வேண்டுமென்றே பொய் சொன்னேன். கூரை மாற்றுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன பொய்க்கு நேரே அந்தக் கூரை பத்திரமாக இருந்தது. அப்புறம் உங்கள் கடிதத்தை நம்புவதா, நெகடிவை நம்புவதா?

கடைசிச் சுருளில் பதினேழாவது படத்தைப் பெரிய தாளில் போட்டேன். துணி காயப்போடும் கயிறு குறுக்கே போகும். இது நேராகத் தொங்குகிறது, நுனியில் பிடித்து எழுந்திருக்க ஒரு கட்டை கட்டியிருக்கிறது. பலகையில் சக்கரம் ஏறிய தடம் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே ஒரே ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. முந்தைய இரண்டு சுருளையும் எடுத்து வைத்துத் தேடினேன். நூற்றுச் சொச்சம் படத்தில் எதிலும் வலது கால் செருப்பு இல்லை.

அன்றைக்கு டார்க் ரூமை விட்டு வெளியே வர எனக்கு மனசில்லை. பழனிசாமி கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அழுதேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது. கட்டை உருண்டதா, லாரி ஏறியதா, எதுவும் எனக்குத் தெரியாது. எந்த மாதம் என்றுகூடத் தெரியாது. நான் இங்கே மணப்பெண்களுக்கு மோவாயை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது நீங்கள் அங்கே வலியில் கிடந்திருக்கிறீர்கள். ஒரு தந்திக்குக்கூட நான் ஆகாமல் போய்விட்டேனா? எனக்குத் தெரிந்தால் நான் ஓடிப்போவேன் என்று நினைத்தீர்களா, ஓடி வருவேன் என்று பயந்தீர்களா? இரண்டில் எதுவானாலும் மன்னிப்பு கிடையாது.

நவம்பரில் உங்களுக்கு எழுதிய அன்றைக்கே ஜைனபுக்கும் எழுதினேன். இப்போதுதான் ஒரு கார்டில் பதில் வந்தது. "அக்கா, நான் எதுவும் சொல்ல மாட்டேன், பாபு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா நீங்க வாங்க. அடுத்த ஜஹாஸுலேயே ஏறி வாங்க." அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் சத்தியத்தை மீறவில்லை.

நீங்கள் என்னை விடுவித்து எழுதிய கடிதத்தைக் கிழிக்கவில்லை. பிரிண்ட் ஒட்டும் பசையைத் துடைக்கத் தாள் தேவைப்பட்டது, அதற்கு ஆயிற்று. ஸ்டுடியோவைப் பழனிசாமி கையில் ஒப்படைத்துவிட்டேன். அவன் ரீடச் செய்தால் மாப்பிள்ளைக்கு மீசை இடம் மாறும். மாறட்டும். என்லார்ஜரையும் படம் கழுவும் தட்டுகளையும் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டேன். ரங்கத்தில் ஒரு ஸ்டுடியோகூட இல்லை என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள்.

வந்து உங்களைப் பார்த்துவிட்டு, பேசவேண்டியதைப் பேசுவேன். நிறைய இருக்கிறது, காதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வராதே என்று எழுத உட்காராதீர்கள். இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில் வருகிறோம். போர்ட் பிளேரில் நான் உடனே படகு பிடித்துவிட்டால், தபால்காரருக்கு முன்னால் நான் வந்துவிடுவேன்.

உங்கள்,
விசாலம்