எஸ்தரின் வெயில் சாந்து

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் நல்ல பனி. தேயிலை மேலெல்லாம் உப்புத் தூவினது போல. வெயில் ஏறியதும் ஒன்றும் மிச்சமில்லை. கைக்குக் குளிர், முகத்துக்கு நெருப்பு. தை மாதம் இந்த மலையில் இப்படித்தான்.

கோயிலுக்குப் போகவில்லை. எஸ்தருக்குப் போடும் சாந்து தீர்ந்துவிட்டது. டப்பா மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து மூக்குக்கும் கன்னத்துக்கும் தடவினேன். காதுக்குப் போதவில்லை. காது வெந்தால் பிள்ளை ஒரு வாரம் தூங்காது. ஆண்டவர் இந்தத் தோட்ட லயத்து வீட்டுக்கும் வருவார், வரட்டும்.

போதகர் மனைவி திரும்பும் வழியில் வாசலில் நின்று ஒரு பிரசங்கம். "பிள்ளைய ஏன்மா இருட்டுலயே பூட்டி வைக்கே? வெயிலு பட்டாத்தான நெறம் வரும்?"

நிறம் வருமாம்! ஏழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னது: இவள் உடம்பில் பிறவியிலேயே நிறம் இல்லை. முடி வெள்ளை, தோல் வெள்ளை, கண் கூசும். இனி வராது. நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது. வெயிலை மட்டும் அண்டவிடாதே. இதில் எது புரியவில்லை இவர்களுக்கு?

சாந்துக்கு வேண்டியது:
நாமக்கட்டி. மதினி போடியிலிருந்து வரும்போது.
செஞ்சந்தனக் கட்டை. இருக்கிறது.
தேன்மெழுகு. தேன் கொண்டுவரும் முதுவாக்குடி ஆளிடம் சொல்லியாயிற்று.
நல்லெண்ணெய்.
மஞ்சள் வேண்டாம், எஸ்தருக்கு அரிக்கிறது.

விளக்குத் திரி வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கொழுந்து நிறுக்கும் இடம். வரிசையில் நான், பின்னால் பாக்கியம். எஸ்தருக்கு அகலமான தொப்பி ஒன்று பூப்பாறைக் கடையில் கிடைக்குமா என்று பாக்கியத்திடம்தான் கேட்டேன். கங்காணி காதில் விழுந்துவிட்டது. "தொப்பிக்கு ஏன் பூப்பாறைக்குப் போற? பங்களாவுல கேட்டா பெரிய துரை குடுக்க மாட்டாரா? உரிமைப்பட்ட பிள்ளையாச்சே."

சிரித்தார்கள். பெண்களும்தான். என்னோடு ஒரே மலையில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டாள்.

பங்களா வாசலை நான் மிதித்தது கிறிஸ்துமஸ் மிட்டாய்க்கு. அதுவும் எல்லோரோடும், குடும்பம் குடும்பமாக, வரிசையில். இந்த வெள்ளைக்காரத் துரை இங்கே வந்ததே எஸ்தர் நடக்க ஆரம்பித்த பிறகு. கணக்குப் போடத் தெரியாத நாய்கள்.

அதைவிட எரிச்சல் என் வீட்டுக்காரர்மேல். மருந்தடிக்கிற தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார். காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். வாரைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை! "என் பிள்ளைய பேசாதீங்க" என்று ஒரு வார்த்தை.

வீட்டில் கேட்டேன். "பேசுற வாயி பேசிட்டுப் போகுது. நாம என்ன பண்ண?"

ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

பிப்ரவரி 8, வியாழன்

மதினி வந்தாகிவிட்டது. அவருக்கு அக்காள், போடியில் வாக்கப்பட்டவள். பஸ்ஸில் வாந்தி. வந்ததும் கருப்பட்டிக் காப்பி. கொண்டுவந்தது: கருவாடு, முருங்கைக்காய், எஸ்தருக்கு ரிப்பன், நாமக்கட்டி.

நாமக்கட்டி வாங்கப்போன கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். "வேதக்காரிக்கு எதுக்கும்மா நாமக்கட்டின்னு கடைக்காரன் கேட்டான். மருமகளுக்கு நாமம் போடன்னுட்டேன்." எனக்கும் சிரிப்பு வந்தது. இவளிடம் கோபப்படுவது கஷ்டம்.

எஸ்தர் அத்தை மடியைவிட்டு இறங்கவில்லை. மதினி அவள் தலையைக் கோதிக்கோதி அவரையே பார்த்தாள். அவர் வெளியே போய்விட்டார். அக்காளும் தம்பியும் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் பேசினார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. குடும்ப விஷயமாம். நான் யார், விருந்தாளியா?

பிப்ரவரி 10, சனி

அரை நாள் வேலை. மத்தியானத்துக்குமேல் சாந்து காய்ச்சினேன்.

மெழுகை எண்ணெயோடு சின்னத் தீயில் உருக்க வேண்டும். புகைந்தால் போச்சு. நாமக்கட்டியும் செஞ்சந்தனமும் தனித்தனியாக உரைத்து, நிழலில் காயவைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலிப்பது. உருகினது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்ட வேண்டும், கட்டி தட்டாமல். தோசை மாவு பதத்துக்கு வந்தால் போதும். ஆறினால் வெண்ணெய் மாதிரி நிற்கும். முகத்தில் போட்டால் இளஞ்சிவப்பாக, சுவருக்குப் பூசினது போல இருக்கும். பார்க்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும், வெயில் உள்ளே போகாது.

பாதியில் தண்ணீர் வந்துவிட்டது. லயம் முழுக்க ஒரே குழாய், விட்டால் திங்கட்கிழமைதான். "நீ போ, நான் கிண்டுறேன்" என்றாள் மதினி.

திரும்பி வந்தால் சாந்து வழக்கத்தைவிடப் பழுப்பு. அடிப்பிடித்ததா என்று கேட்டேன். "சந்தனம் கூட ரெண்டு கை போட்டேன், நல்லதுதான?" வாசனையும் ஏதோ போல. முன்னே எங்கோ பழகின வாசனை, பிடிபடவில்லை. என் முழங்கையில் தடவிப் பார்த்தேன். எரிச்சல் இல்லை. டப்பா நிறைய வந்திருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம்.

பிப்ரவரி 12, திங்கள்

பள்ளிக்கூடத்தில் மலையாளத்துச் சாருடன் சண்டை. விளையாட்டு விழாவுக்கு டிரில் பழக்குகிறார்கள், நடுவெயிலில். எஸ்தரை மட்டும் வராந்தாவில் உட்கார்த்தி வைக்கிறாராம், கிழக்கே பார்த்து! வராந்தாவில் வெயில் முகத்துக்கு நேரே. "எல்லாருக்கும் ஒரே வெயிலாணு" என்கிறார். எல்லோருக்கும் ஒரே தோலா சார் என்றேன்.

கடைசியில் நானே சொன்னேன்: புதுச் சாந்து கனமாகப் போட்டு அனுப்புகிறேன், முழுக்கைச் சட்டை, அவளும் டிரில் செய்யட்டும், வெயில் உச்சிக்கு வரும்முன் விட்டுவிடுங்கள்.

மாலையில் எஸ்தர் ஓடி வந்தாள். முதல்முதலாக மற்றப் பிள்ளைகளோடு நின்றாளாம். கை நீட்டி, கை மடக்கி, குதித்துக் காட்டினாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தாள், திட்டினேன். ஆனாலும் சாந்து இருக்கிறதே. கன்னத்தில் ஒரு சிவப்பு இல்லை. நான் காய்ச்சின சாந்து. இன்று எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

பிப்ரவரி 14, புதன்

கைவேலை ஓடவில்லை. எழுதவும் முடியவில்லை. எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் முகம் சிவந்தது. இன்று காலை கொப்புளம். நெற்றி, கன்னம், கழுத்து, முழங்கைவரைக்கும் இரண்டு கை. தண்ணீர் கோத்துக்கொண்டு திராட்சை திராட்சையாக. கண் திறக்க முடியவில்லை. வெயிலில் வெந்தால் அன்றைக்கே சிவக்கும். இது ஒருநாள் கழித்து, உள்ளேயிருந்து வந்தது போல. இப்படி நான் பார்த்ததில்லை.

கம்பவுண்டர் மருந்து தடவிவிட்டு, "என்னத்தப் போட்டீங்க?" என்றார். வழக்கமான சாந்துதான் என்றேன்.

மத்தியானம் அவள் கழுத்து மடிப்பில் பழைய சாந்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். ஆவியோடு அந்த வாசனை. பிடிபட்டுவிட்டது! குளியல் பொடி. கல்யாணப் பெண்ணுக்குத் தேய்க்கிற பொடியில் பூலாங்கிழங்கோடு சேர்ப்பார்களே, கார்போகரிசி, அந்தக் கசப்பு வாடை. குளிக்கும்போது தேய்த்துக் கழுவிவிடுவோம், ஒன்றும் செய்யாது. ஆனால் உடம்பில் வெள்ளை விழுந்தவர்களுக்கு நாட்டு மருந்துக்கடையில் கொடுப்பதும் அதே கார்போகரிசிதான். அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொல்வார்கள், தோல் வெந்து கறுக்கிறதுக்கு.

வெயிலைத் தடுக்கிற சாந்தில் வெயிலை இழுக்கிற மருந்து. என் கையாலே தடவி அனுப்பியிருக்கிறேன், கனமாக!

பிப்ரவரி 15, வியாழன்

கேட்டுவிட்டேன். மதினி மறைக்கவில்லை. அழுதாள்.

"நெறம் வரும்னுதான் போட்டேன் தாயி. எங்க சித்தப்பா ஒருத்தரு இப்படித்தான் பொறந்தாரு. இதே முடி, இதே கண்ணு. யாரும் ஒரு மருந்தும் பாக்கல. மேலெல்லாம் புண்ணாகி, கலியாணமும் இல்லாம செத்துப்போனாரு. இவளும் அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான்..."

சித்தப்பா. இவர்கள் குடும்பத்தில். நான் அவரைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

சுவரில் காரையை நோண்டினார்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கேன். இப்படி ஒரு சித்தப்பா இருந்தது தெரியுமா?"

"சின்ன வயசுல பாத்திருக்கேன்."

ஏழு வருஷம்! ஒரு வார்த்தையில் அத்தனை வாயையும் அடைத்திருக்கலாம். எங்க வம்சத்துல உண்டு, இது என் ரத்தம்தான் என்று. குடும்பத்துக்குக் கேவலம் என்று மூடி வைத்துக்கொண்டார். என் பெயர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிடந்து நாறட்டும், அது கேவலமில்லை.

இன்னும் இருக்கிறது. கார்போகரிசி வாங்கிவரச் சொன்னதே அவர்தான். பஸ் டிரைவரிடம் அக்காளுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். "கொஞ்சம் என் நெறம் வந்துட்டா வாயி அடங்கும்னு நெனச்சேன். உன் மேல சந்தேகம் இல்ல, சத்தியமா இல்ல."

சந்தேகம் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்ததுக்கு என்ன பெயர்? ஊர் வாயை மூட என் பிள்ளை தோலை உரித்திருக்கிறார்.

டப்பாவைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டது. கறை போகாது. போக வேண்டாம்.

எஸ்தர் கட்டிலில் விழித்துத்தான் கிடந்திருக்கிறாள். பிறகுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மதினியை அவர் பஸ் ஏற்றிவிட்டார். போகும்போது என் காலைத் தொட வந்தாள், தடுத்தேன். பாவம், அவள் நம்பிச் செய்தாள். அவள்மேல் கோபம் ஆறும்.

அவரோடு பேச்சில்லை. தண்ணீர் தூக்குகிறார், விறகு பிளக்கிறார், கேட்காமலே. இந்தக் கரிசனம் இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

கொப்புளம் உடைந்து வடிகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது. வாழையிலையில் படுக்கப் போட்டிருக்கிறேன். கஞ்சி குடித்தாள். அரிக்கிறதாம், சொறியாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதனிலிருந்து வேலைக்குப் போகவில்லை, நாளையும் போகமாட்டேன். கங்காணி ஆளனுப்பினான். வாயில் வந்ததைச் சொல்லியனுப்பினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சாந்தன்பாறையில் அண்ணன் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தேன். பதில் வந்தது: "வரச் சொல்லு. காய் சீசன் இல்ல, களையெடுக்க ஆளு வேணும்."

ஏலக்காட்டில் பெரிய மரங்கள். ஏலத்துக்கே வெயில் ஆகாது, நிழல் இருந்தால்தான் காய்க்கும். நடுப்பகலிலும் அங்கே இருட்டுக் கட்டியிருக்கும். இந்த மொட்டை மலையில் தேயிலைக்கு வெயில் வேண்டும், என் பிள்ளைக்கு வேண்டாம். இது இத்தனை வருஷம் என் மண்டையில் ஏறவில்லை.

நானும் எஸ்தரும் போகிறோம் என்று அவரிடம் சொன்னேன். "நானு?" என்றார். யாரைக் கேட்கிறார்?

பாக்கியம் தேன்மெழுகு ஒரு உருண்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று, "அன்னைக்கு அந்தக் கங்காணிய நான் வஞ்சிருக்கணும்" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 24, சனி

காலையில் பனி. மூட்டை கட்டியாயிற்று. பானை, பாய், வேதப்புத்தகம், உரைகல். சாந்து நானே காய்ச்சினேன், கடைசிவரைக்கும் அடுப்பைவிட்டு எழவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் இப்போது தன் சித்தப்பா கதையைச் சொல்கிறாராம். கங்காணியிடமும் சொன்னாராம். ஏழு வருஷம் கழித்து. எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

எஸ்தருக்குப் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. கன்னத்தில், கையில், பட்டை பட்டையாகக் கறுப்புப் பொருக்கு. கண்ணாடி கேட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுவிட்டு ஓடினாள், மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம். தன் கையை அவர் கைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, பாருங்க, கறுத்துருச்சு! உங்க நெறம் வந்துருச்சு. இனி துரை பிள்ளைன்னு சொல்ல மாட்டாகல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அவரே சொல்லட்டும்.

பஸ் ஹாரன் கேட்கிறது.