இடப்பக்கத்தால் வாசித்த கதை

பேத்தி நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஜப்பானியப் படக்கதையைத் திறந்தேன். முதற் பக்கத்திலேயே பிரெஞ்சில் ஓர் எச்சரிக்கை: இது கதையின் முடிவு, மறுபக்கத்திலிருந்து வாசிக்கவும். இந்த ஒரு வரியை எண்பதுகளிலேயே எவராவது அச்சடித்திருந்தால் நான் ரொறன்ரோவில் வேறு யாருக்கோ மனைவியாகியிருப்பேன். இதைச் சொல்லிச் சிரிக்கத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கதிரையில் பேத்தியின் குளிர்ச்சட்டை கிடந்தது.

அப்போது நீங்கள் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். கழுவுவதும் கோப்பை, கனவு காண்பதும் கோப்பை. உங்கள் பட்மின்டன் பைத்தியத்தைக் கண்ட ஜப்பானியச் சமையற்காரர் தன் பழைய படக்கதையொன்றைத் தந்தார். எழுத்து விளங்காது. நாம் சந்தித்த பிரெஞ்சு வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து இருவரும் படங்களைத் தமிழ் வழக்கப்படி இடப்பக்கத்தால் பார்த்தோம். முதலில் ஒருவன் வெற்றிக் கோப்பையோடு தனியே நிற்கிறான். பிறகு ஒரு பெண் பெட்டியோடு ரயிலால் இறங்குகிறாள். அதன்பின் அவனுடைய ஆட்டம் பக்கத்துக்குப் பக்கம் மோசமாகிறது. முடிவில் இருவரும் ஒரு மரத்தடியில் சிரிக்கிறார்கள்.

"பாத்தீரோ, கோப்பையை எறிஞ்சுபோட்டுப் பெட்டையோட இருக்கிறான். இவனெல்லோ ஆம்பிளை," என்றீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா ரொறன்ரோவுக்குக் குடிபெயர முடிவெடுத்தார். அங்கே எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. நாங்கள் பஸ் ஏறவிருந்த ஞாயிறு மத்தியானம்தான் உங்களுக்கு இறுதிப்போட்டி. வென்றால் மாகாண அணியில் இடம். யுத்தத்தால் ஊரில் ஆட முடியாமற்போன ஆட்டத்தை இங்கே ஆடி முடிப்பது உங்கள் எண்ணம். வரச்சொல்லி நான் கேட்கவில்லை.

பனிக்குள்ளால் கன்வஸ் சப்பாத்தோடு பஸ் நிலையத்துக்கு ஓடி வந்தீர்கள். கையில் றக்கெட்.

"தம்பி, மட்ச் முடிஞ்சுதோ?" என்றார் அப்பா.

"இன்னும் தொடங்கேல்லை, ஐயா."

"அப்ப இஞ்ச என்ன செய்யிறீர்?"

"உங்கட மகளைக் கேக்க வந்தனான்."

அப்பா உங்கள் கால்களைப் பார்த்தார். "முதல்ல ஒரு நல்ல சப்பாத்து வாங்கும்," என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

கல்யாணத்துக்கு வந்த சமையற்காரர் சொல்லித்தான் தெரியும், அந்தப் புத்தகத்தை வலப்பக்கத்தால் வாசிக்க வேண்டுமென்று. அவன் பெண்ணைச் சந்திக்கிறான், ஆட்டம் தேறுகிறது, அவள் ரயிலேறிப் போகிறாள், அவன் வெல்கிறான். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரியான பக்கத்தால வாசிச்சிருந்தா வந்திருப்பீங்களோ?"

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்," என்றீர்கள்.

பிறகு நான் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பட்மின்டன் வந்தால் மட்டும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பீர்கள். எனக்குத் தொந்தரவாம்.

பேத்தி சரியான பக்கத்தால் வாசிக்கிறாள். நான் உங்களை இன்னும் பிழையான பக்கத்தால்தான் வாசிக்கிறேன். முதலில் வைத்தியசாலைக் கட்டில், என் கைக்குள் குளிர்ந்துபோன கை. பிறகு அந்தக் கை சூடாகிறது, உங்கள் தலைமயிர் கறுக்கிறது, பிள்ளைகள் சிறுத்துச் சிறுத்துத் தொட்டிலுக்குத் திரும்புகிறார்கள். கடைசியில் பஸ் நிலையக் கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்த சப்பாத்தோடு நிற்கிறீர்கள். அதற்கப்பால் நான் புரட்டுவதில்லை.