குசினிக்கு இறங்குதல்

மருமகன்,

இன்று காலை மகள் சொல்லி உங்கள் அலுமாரியைத் துடைத்தேன். சொல் அட்டைகள் அடுக்கிய சப்பாத்துப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் பழைய தாளும் மையும் மணத்தன. ஓர் அட்டையில் என் கண் நின்றுவிட்டது. உங்கள் சரிந்த எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'குசினிக்கு இறங்குதல்: மகளுக்குக் கல்யாணம் முடித்து வீட்டையும் கொடுத்த தாய், அதே வளவில் குசினியைக் குடியிருப்பாக்கிக்கொள்ளல்.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'தேவையில்லை.'

சூறாவளி கூரையைக் கொண்டுபோன மறுவருடம், புது ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, அந்த வீட்டை மகளோடு உங்களுக்குத் தந்தோம். கல்முனைப் பக்கத்து வழக்கம் அது; அதில் உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் முன்மண்டபத்துக்கு வந்தீர்கள். நானும் உங்கள் மாமாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் அடுப்பு புகையும் குசினிக்குப் போனோம். மாமா கண்ணை மூடி மௌத்தானதும் அந்தப் புகைக்குள்தான்.

பிறகு நீங்கள் ஊர்ச் சொற்களுக்கு அகராதி போடப் புறப்பட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் உங்களோடு படிப்பிக்கும் இரண்டு வாத்திமாரோடு மண்டபத்தில் உட்காருவீர்கள். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி நீட்டுவேன். கேட்டால் சொல்லும் தருவேன். உங்களுக்கு முகம் காட்டிக் கதைத்ததில்லையே தவிர, நான் தந்த சொல் கொஞ்சமா? 'வட்டைவிதானை'க்குத் தனிப் பதிவு கொடுத்த அன்று நீங்கள் சொன்ன நியாயம் இன்னும் காதில் இருக்கிறது.

"வட்டையெண்டா வயல்வெளி, விதானையெண்டா தலைமைக்காரன். ரெண்டும் தெரிஞ்சாலும், வயலுக்குத் தண்ணி பங்கிடுற ஆள் இவர்தானெண்டு வெளியூரான் அறியமாட்டான். அப்ப தனியாப் போடத்தான் வேணும்."

அந்த நியாயத்தை நம்பித்தான் அடுத்த வெள்ளி என் சொல்லைக் கொண்டுவந்தேன்.

"குசினியும் இரிக்கி, இறங்குறதும் இரிக்கி, மாமி. சேத்துப் பாத்தா ஆருக்கும் விளங்கும். தனிப் பதிவு என்னத்துக்கு?"

"வெளியூரான் கேட்டா சமைக்கப் போறாளெண்டுதான் நினைப்பான், மருமகன்."

"மாமி மடக்கிப்போட்டா!" என்று ஒரு வாத்தியார் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

"இது ஊர்ச் சொல்லில்ல. நீங்க மட்டும் சொல்றது."

நான் மட்டுமா? மறு வெள்ளி பக்கத்து வளவு ராத்தாவைக் கூட்டிவந்து சீலைக்குப் பின்னால் நிறுத்தினேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"வாத்தியார், நான் ரெண்டு தரம் இறங்கின ஆள். மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. இனி இறங்குறண்டா கிணத்துக்குள்ளதான்!"

நீங்கள் தாளைப் பார்த்தபடி, "பாப்பம்" என்றீர்கள்.

வீட்டைத் திருப்பித் தரச்சொல்லி நான் கேட்கவில்லை. தந்தது தந்ததுதான். எங்களுக்கு நடந்தது இன்னதென்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். அச்சாகி வந்த அன்று மகளைப் பார்க்கச் சொன்னேன். 'குசினி: சமையலறை.' அவ்வளவுதான். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இல்ல உம்மா" என்றாள்.

அதன்பிறகு நீங்கள் எந்தச் சொல்லைக் கேட்டாலும் "மறந்துபோச்சி" என்றேன். ஒன்றுமே மறக்கவில்லை.

போன வருடம் நீங்கள் மௌத்தாகி, உங்கள் ஜனாஸாவைத் தூக்குமுன் மகள் அழுதுகொண்டு வந்தாள். "உம்மா, அவருல ஏதும் மனத்தாங்கல் இரிந்தா பொறுத்துக்கங்க."

"ஓம், பொறுத்திட்டன்" என்றேன். மனதறிந்துதான் சொன்னேன். ஆம்பிளைதானே, படிச்சாலும் எங்கட பாடு விளங்கியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நான் பொறுத்தது விளங்காத மனிசனை. என்னால்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்ல முடியாததை எழுதிவிட்டுத்தான் கோடு கிழித்தீர்கள் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

மஃரிபு தொழுததும் உங்களுக்காகத் துஆ கேட்பது என் வழக்கம். மகள் முகத்துக்காக இனியும் கேட்பேன். நீங்கள் அடங்கியிருக்கும் கப்றை விசாலமாக்கச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்பேன். பொறுத்திட்டன் என்று இன்னொரு தரம் சொல்ல மட்டும் எனக்கு நா வராது, மருமகன்.