கூழ்ப் பொறுப்பும் கொசாக் தளபதியும்

ஜூன் 10, செவ்வாய்

மழை. லுசேர்ணில் ஏரியே தெரியவில்லை. சுற்றுலாக்காரர் எல்லாரும் ஹோட்டலுக்குள். சலாட் பகுதி என் பொறுப்பு என்பதால் இன்று ஹோட்டலையே தூக்கி நிறுத்தியது நான்தான். பெரிய செஃப் என்று ஒருவர் இருக்கிறார். பெயருக்கு.

மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் சிம்மர்ஸ்டுண்டே. வேலையும் இல்லாத, ஆரா நகரில் இருக்கும் வீட்டுக்குப் போய்வரவும் முடியாத இடைவேளை. பின்கதவுத் தாழ்வாரத்தில் தாராஸும் நானும். உக்ரைன்காரன், ஐம்பது வயது, சட்டி கழுவும் இயந்திரத்தடியில் வேலை. என் ஜெர்மன் அவனுக்கு விளங்கும், அவன் ஜெர்மன் எனக்கு விளங்கும். மற்றவர்களுக்கு இரண்டும் விளங்காது.

இன்று கதை சொன்னான். கொசாக் படையை முதன்முதலில் சேர்த்த தளபதியாம். பல நூறு வருடத்துக்கு முந்தியவர். பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னான், என் நாக்கில் நிற்கவில்லை. தளபதி என்றே எழுதுகிறேன்.

கோட்டையில் பிறந்த பணக்காரப் பிள்ளை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆளில்லாப் புல்வெளிக்குப் போனாராம். வேட்டைக்காரர், மீன்பிடிகாரர், பிரபுக்களிடமிருந்து ஓடிவந்தவர்கள், எல்லாரையும் சேர்த்து ஆற்று நடுவே ஒரு தீவில் மரக்கோட்டை. தாராஸ் சொன்னது முந்நூறு பேர். முந்நூறு பேர் எங்கள் ஊர் ஒன்றுகூடலுக்கே வருவார்கள். மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு, இங்கிருக்கும் எங்கள் ஊர்க்காரரின் ஒன்றியக் கூட்டம். அதற்கடுத்த ஞாயிறு நடக்கும் ஒன்றுகூடலில் கூழ்ப் பொறுப்பு யாருக்கு என்று அன்று முடிவு. இரண்டு வருடமாகச் சிவபாலன் (இனி சி.பா.). அவர் காய்ச்சுவது ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ் இல்லை, நண்டு குளித்த தண்ணீர். இந்த முறை எனக்குத்தான் வேண்டும். இதை நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை.

மனைவி ராணியிடம் சொன்னேன். 

“அவையிட்டக் கேட்டனீங்களோ?”

“நான் கேக்கிறதோ? தேடி வந்து தருவினம்.”

மனிசி அரிசி களையப் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

வெயில். இடது முழங்கால் குத்து. தக்காளிப் பெட்டி அழுகல், திருப்பி அனுப்பினேன், பெரிய செஃப் வாயே திறக்கவில்லை. (அவருக்கு இன்று ஃப்ரை, அதாவது விடுமுறை.)

தளபதி, தொடர்ச்சி. நீளப் படகுகள். இரண்டு பக்கமும் நாணல் கட்டுகள், அலையிலும் தாழாது. ஆற்றால் இறங்கிக் கடலுக்குப் போய் சுல்தானின் துறைமுகங்களை அடித்துவிட்டுத் திரும்பி வருவார்களாம். நான் அந்தக் காலத்தில் மன்னாரிலிருந்து மண்டபத்துக்குக் கடல் கடந்ததும் இதே மாதிரித்தான் என்று தாராஸிடம் சொன்னேன். படகை நானே ஓட்டினேன் என்றும் வந்துவிட்டது. ஓட்டியது வேறு ஆள். நான் வழி முழுக்க வாந்தி. அது இந்தக் குறிப்பேட்டுக்கு மட்டும்.

முக்கியமான விஷயம் இது. அவர்கள் தலைவரை எடுக்கும் முறை. எல்லாரும் வட்டமாக நின்று ஒருவரைக் காட்டுவார்களாம். அவர் உடனே வாங்கக்கூடாது. எனக்கென்ன தகுதி என்று சொல்லி விலக வேண்டும். மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடியும் மாட்டேன். மூன்றாவது முறை இழுத்துக்கொண்டு வந்து கையில் கதாயுதத்தைத் திணிப்பார்கள். முதல் தரமே கையை நீட்டுகிறவனை ஆற்றில் தள்ளுவார்கள். (தாராஸ் சொன்னது, ஏசுவார்கள் என்று. ஆறு பக்கத்தில்தானே.)

என்ன கௌரவமான பழக்கம். ஞாயிறு நம்மவர்களுக்குக் காட்டுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

மப்பு வானம். கூட்டம் ஆராவில், தமிழ்க் கடைக்கு மேல்மாடி. நீல நிறச் சேட்டு போட்டுக்கொண்டு போனேன். முழங்காலுக்கு எண்ணெய்.

செயலாளர் நந்தன், நல்ல பெடியன், கொஞ்சம் அவசரம். வால்ட்ஹூட்டே, அதாவது காட்டுக்குள் வாடகைக்கு எடுக்கும் மரவீடு, பதிவாகிவிட்டது என்றான். பிறகு சிறுவர் ஓட்டம். பிறகு கூழ்.

“இந்தமுறை குணம் அண்ணை காய்ச்சுவாரெண்டு கதைக்கினம். என்ன அண்ணை, செய்யிறியளோ?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணைத் தாழ்த்தினேன்.

“எனக்கென்ன தகுதி இருக்கு, தம்பி. வேற ஆளைப் பாருங்கோ.”

இரண்டாம் தரம் என்ன சொல்வது என்றும் ரயிலில் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறக்க முதல் நந்தன்:

“சரி, அண்ணைக்கு ஏலாதாம். சிவபாலன் அண்ணை?”

சி.பா. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “ஓம், போடுங்கோ.”

நந்தன் பெயரைப் போட்டுவிட்டான். அடுத்தது கதிரைகள்.

ஒருவரும் இழுக்கவில்லை. பின்னால் ஒரு குரல், “முழங்கால் வருத்தமாம், பாவம்.” எனக்கு வெங்காயம் உரிக்கும் குழு. தேத்தண்ணியும் பொரித்த பற்றிஸும் தந்தார்கள். பற்றிஸ் நல்லது. ஒன்றுதான் சாப்பிட முடிந்தது.

ஜூன் 16, திங்கள்

வெயிலாம். நான் பார்க்கவில்லை.

ராணி இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டே சிரிக்கிறாள். நிறுத்துகிறாள், திரும்பச் சிரிக்கிறாள்.

“உங்களுக்குத் தகுதியில்லையெண்டு உங்கட வாயால சொல்லி இப்பதான் கேள்விப்படுறன். அவையும் பயந்து போயிருப்பினம்.”

“அது ஒரு முறை, ராணி. பெரிய தளபதியளுக்கே அதுதான் முறை.”

“வேணுமெண்டா வேணுமெண்டு சொல்லுறதும் ஒரு முறைதான்.”

வேலையில் தாராஸுக்குச் சொன்னேன். இயந்திரத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆவிக்குள் நின்று, கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு கேட்டான்: “குணம், எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் தெரியும். உன் ஆட்களுக்குத் தெரியுமா?”

இதை நான் யோசிக்கவில்லை. யோசித்தேன், ஆனால் அந்தப் பக்கத்தால் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். தளபதி தன் தீவுக் கோட்டைக்கு ஆள் வேண்டும், வெடிமருந்து வேண்டும் என்று ராஜாவிடம் போய்க் கேட்டாராம். ராஜா கையை விரித்தார். வேறு நாட்டுச் சக்கரவர்த்தியிடம் போய்க் கேட்டார். கோட்டைக்காக யாரிடமும் கேட்பார், கேட்பதில் அவருக்கு வெட்கமே இல்லை என்றான்.

இதை வியாழனே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 18, புதன்

ஃப்ரை. புழுக்கம். பால்கனிக் கத்தரிக்கன்றில் பூ. இந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் பூத்திருக்கிறது (வேறு ஒருவரும் வைக்கவில்லை).

காலை முழுக்க டெலிபோனைச் சுற்றி நடை. ராணி வேலைக்குப் போன பிறகு அடித்தேன்.

“சிவபாலன், நான் குணம்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

புழுக்கம் பற்றிச் சொன்னேன். அவர் மகளின் தொழிற்பயிற்சி பற்றிக் கேட்டேன். முழங்கால், மருந்து, மருந்தை நானே டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர் ஓம் ஓம் என்றார். பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

“எனக்குக் கூழ் காய்ச்ச விருப்பம்,” என்றேன்.



“அப்ப ஏன் அண்டைக்கு மாட்டனெண்டனீங்கள்?”

தளபதியின் கதையை முதலிலிருந்து சொன்னேன். நாணல், கோட்டை, கதாயுதம், எல்லாம். சொல்லி முடியும்போது படை ஐயாயிரம் ஆகிவிட்டது.

சி.பா. மூச்சு விட்டது கேட்டது. “அண்ணை, நானும் ஒண்டு சொல்லட்டோ? எனக்கு இந்தமுறை விட்டுடத்தான் எண்ணம். என்ரை கூழை நண்டு குளிச்ச தண்ணியெண்டு ஆரோ சொல்லித் திரிஞ்சவையாம். மனிசிக்கும் சரியான கவலை. ஆனா நீங்கள் மாட்டனெண்டோடன நானும் மாட்டனெண்டால் பிறகு ஆர் காய்ச்சிறது?”

“ஆர் சொன்னவையோ தெரியாது,” என்றேன்.

“விடுங்கோ. நீங்கள் காய்ச்சுங்கோ. நான் வெங்காயம் உரிக்கிறன்.”

தங்கமான மனிதர். நான் எப்போதும் சொல்வதுதான்.

ஜூன் 20, வெள்ளி

ஒடியல் மா, மீன் தலை, நண்டு, இறால், பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை (உறைய வைத்தது, வேறு வழியில்லை), பழப்புளி, செத்தல் மிளகாய். கடையில் கேட்டவனுக்கு, முழுப் பொறுப்பும் என்னிடம் திணித்துவிட்டார்கள் என்றேன்.

ஒன்றியத்துச் சமையல் கிடாரம் சிறிது என்று கவலை. தாராஸ் தங்கள் ஆட்களிடம் முக்காலியோடு தொங்கும் பெரிய இரும்புக் கொப்பரை இருக்கிறது என்றான். ஞாயிறு தானே கொண்டு வருகிறானாம்.

ஜூன் 23, திங்கள்

நேற்று ஒன்றுகூடல். எழுத முடியவில்லை, கை நோ. இன்று வெயில், நேற்றும் வெயில், ஆனால் முந்தின இரவு நல்ல மழை. காட்டு மரவீட்டு விறகு முழுக்க ஈரம்.

எரியவில்லை. புகை மட்டும். தாராஸ் கொப்பரையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான், சி.பா. அட்டைப்பெட்டி மட்டையால் விசிறுகிறார், கண் இரண்டும் சிவப்பு. மத்தியானம் தாண்டிவிட்டது. சனம் பசியில்.

“குணம் அண்ணை, கூழ் இந்த வருசமோ, அடுத்த வருசமோ?”

அந்தப் பக்கம் சிலர் செர்வலா சொசேஜ் வாட்டத் தொடங்கிவிட்டார்கள். சொசேஜ் வயிற்றுக்குள் போனால் பிறகு யார் கூழ் குடிப்பது? என் பெயர் காட்டுக்குள்ளேயே புதைந்துவிடும். அகப்பையை சி.பா. கையில் கொடுத்துவிட்டு மர வாங்கின் மேல் ஏறி நின்றேன்.

தளபதியின் கதையைத் தொடங்கினேன்.

பணக்காரப் பிள்ளை வீட்டை விட்டுப் போனது. தீவு. படகு. அலை பனை உயரம், சுல்தானின் கப்பல்கள் தென்னந்தோப்பு மாதிரி. வாட்டினவர்களும் கம்பியைக் கையில் பிடித்தபடி கிட்ட வந்தார்கள். நந்தன் சந்தேகக்காரன், தாராஸிடம் ஜெர்மனில் கேட்டான், உண்மையாகவே பத்தாயிரம் பேரா என்று. தாராஸ் என்னைப் பார்த்தான், கொப்பரையைப் பார்த்தான். “ஓம்,” என்றான் தமிழிலேயே. கைதட்டல்.

விறகு பிடித்து, மீன், நண்டு எல்லாம் கொதித்துவிட்டது. கண்ணைக் காட்டினேன், ராணி புளியில் கரைத்த மாவை ஊற்றினாள், சி.பா. துழாவினார்.

தீவை எதிரி வளைத்துக்கொண்டதைச் சொன்னேன். சுற்றிவர ஆயிரக்கணக்கில் குதிரைப்படை. உள்ளே சாப்பாடு முடிந்தது, தங்கள் குதிரைகளையே அறுத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் கோட்டை விழவில்லை. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, தாராஸ் சொன்னபடியேதான்.  அப்போது முன்னால் இருந்த தங்கம் அக்கா கேட்டார்:

“பிறகு? அந்த மனுசன் என்னெண்டு செத்தது?”

அதையும் தாராஸ் சொல்லியிருந்தான். காட்டிக்கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள், சுல்தான் ஊரில் முடித்தார்கள். நல்ல சாவில்லை. சொன்னால் சனம் அழும், எனக்கு அழ வைக்கவும் தெரியும். ஆனால் தாராஸ் கொப்பரைக்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தம்பி உக்ரைனில் சண்டையில் நிற்கிறான். செய்தி வருகிறதா என்று அடிக்கடி பார்ப்பான்.

கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தேன். கூழ் தடித்து, பொக்குப் பொக்கென்று குமிழி.

“கூழ் சரி, அக்கா. கோப்பையைக் கொண்டு வாங்கோ,” என்றேன்.

சனம் எழும்பி ஓடியது. தளபதியை ஒருவரும் பிறகு விசாரிக்கவில்லை.

கொப்பரை துடைத்தது போல் காலி. முதல் கோப்பை சி.பா.வுக்கு நானே கொடுத்தேன். “உறைப்புக் காணாது,” என்றார். இருக்கட்டும். தாராஸுக்கு உறைத்து மூக்கால் ஓடியது. வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்து கேட்டான், கடைசியில் அவர்களுக்கு என்ன சொன்னாய் என்று.

“ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் தீவில்தான் நிற்கிறார்.”

கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு கோப்பையை நீட்டினான். அவனுக்கென்று ஒரு சட்டியில் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தேன், ஊற்றினேன்.