ஒன்பதாம் படுக்கையின் கையெழுத்து

மில்வாக்கி
ஏப்ரல் 11

அன்புள்ள மரிசெல்,

எல் பாஸோவில் நீயும் உன் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. இரண்டு முறை உனக்குப் போன் செய்து, நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் நாம் மாணவப் பயிற்சிக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? விழுந்து தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் போய், ஆய்வுக்குக் கொஞ்சம் ரத்தம் தரச் சம்மதமா என்று கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. என்னிடம், "வலியில கெடக்கேன், நீ வேற வந்து குத்தணுமா? போம்மா அங்கிட்டு" என்பார்கள். அதே ஆட்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டுவார்கள். உனக்கு ஸ்பானிஷ் தெரிந்ததால்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் போலந்துக் கிழவர்களும் உனக்குத்தானே தலையாட்டினார்கள்? சுவர்ப் பலகையில் உன் பெயருக்கு நேரே முப்பத்தொரு கையெழுத்து, எனக்குப் பதினாலு. ஆய்வை நடத்தும் டாக்டர் ஹாகன், "மரிசெல் எப்படிப் பேசுறாள்னு பக்கத்துல நின்னு பாரு, ஜோலின்" என்றார். நின்று பார்த்தேன். வீட்டுக் கண்ணாடி முன் உன்னைப்போலவே சிரித்தும் பார்த்தேன். என் முகத்தில் அது உட்காரவில்லை.

கோடைக்கால ஆய்வு வேலை நம்மில் ஒருவருக்குத்தான் என்று தெரிந்த வாரம் அது. ஐஸில் வழுக்கி விழுந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார். உன்னிடம் வாயால் சரி என்று சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். நீ படிவத்தை நீட்டுமுன் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குள் வேறு நோயாளி உன்னைக் கூப்பிட்டார்.

மாலையில் படிவங்களை அடுக்கியது நான். கையெழுத்து இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன், மரிசெல். அவர் ஒன்பதாம் படுக்கைக்குத் திரும்பி வந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ கை கழுவிக்கொண்டிருந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அந்தத் தாளைக் கட்டுக்கு நடுவில் செருகினேன்.

படிவங்களைச் சரிபார்த்த தணிக்கையில் அது அகப்பட்டு, சம்மதமில்லாமல் ரத்தம் எடுக்க வைத்தாய் என்று உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். "எப்படி விட்டேன்னே தெரியலடி" என்று நீ அழுதாய். "விடு, யாருக்கும் நடக்கும்" என்று உன் குளிர்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்தக் கோடைக்கால வேலை எனக்கே கிடைத்தது.

நேற்று அந்த ஓட்டுநர் மறுபரிசோதனைக்கு வந்தார். "அந்தப் பொண்ணு எங்க? கையெழுத்து இல்லன்னு ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. கேட்டிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே" என்றார். எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல. இவரும் உன்னைத்தானே தேடுகிறார் என்ற எரிச்சல். அந்த எரிச்சலைக் கண்டுதான் பயந்துபோனேன். நேராக டாக்டர் ஹாகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உன் தவறு தவறுதான் என்றாலும், மீண்டும் சேர்த்துக்கொள்ளக் குழுவிடம் பேசிவிட்டு, திங்களன்று உன்னை அழைப்பதாகச் சொன்னார்.

இப்போதும் பொறாமை போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். திங்களன்று போன் அடித்தால் மட்டும் எடு. நீ எடுக்காமல் விட்டால் இங்கே உன் இடம் காலியாகக் கிடக்கும். அதைக் கேள்விப்பட்டு நான் மறுபடியும் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஜோலின்