விரால் குஞ்சின் சிவப்பு

இன்று காலை மொபெட்டில் மீன் கொண்டுவருபவன் வாசலில் பெட்டியைத் திறந்தான். ஐஸுக்கு அடியில் ஜிலேபி மீன், அதற்கும் அடியில் ஜிலேபி. விரால் இல்லையா என்று கேட்டேன்.

"விரால் இந்தப் பக்கம் ஏதுங்க? இது நல்லா இருக்குமுங்க, வாங்கிப் பாருங்க" என்றான்.

உன் குரலைக் கேட்டது போலிருந்தது. போய்ச் சேர்ந்த பிறகும் என் வாசலில் வந்து வாதாடுகிறாய்.

எண்பதுகளில் நம் ஊர்க் குளத்தின் மீன் குத்தகையை நீ எடுத்தபோது என்னையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாய். விலங்கியல் படித்துவிட்டுப் பனியன் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். என் படிப்பு ஒருவழியாகப் பயன்படப்போகிறது என்று நம்பினேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

நொய்யலிலிருந்து வாய்க்கால் வந்து சேரும் மூலையில், கோரைக்கு நடுவே, விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தச் சிவப்பைக் கண்டால் நம் ஊரில் யாரும் அங்கே வலை வீசமாட்டார்கள்.

அந்தக் குளத்தில்தான் நீ ஜிலேபிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாய். பால் கேனில் அடைத்து, டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் மோர் என்று பொய் சொல்லி.

"இது மத்த மீனோட முட்டையத் தின்னும். தாறுமாறாப் பெருகும், வளரவும் வளராது" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"ஏப்பா, ஜிலேபிக் குஞ்சத் தின்னுதான் உன்ற விரால் கொழுக்கப்போகுது. படிச்ச மனுசனுக்கு இது தெரீலியா?" என்றாய். கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன்.

அடுத்தடுத்த கோடைகளில் வலை நிறைய உள்ளங்கை அளவு ஜிலேபியே வந்தது. கோரை மூலையில் சிவப்பைக் காணோம். குத்தகைக் கூட்டிலிருந்து விலகினேன், உன்னோடு பேச்சையும் நிறுத்தினேன். நீ டீக்கடைக்குள் வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். "விரால் நழுவுது பாரு" என்று நீ பின்னாலிருந்து சொன்னதும் காதில் விழத்தான் செய்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, வருடக்கணக்காய்ப் பேசாத நீ, செருப்புகூட இல்லாமல் மூச்சிரைக்க என் வாசலில் நின்றாய்.

"மாப்ள, விரால் குஞ்சு போட்டிருக்குது! கோரை மூலைல செக்கச்செவேல்னு கெடக்குது. வெசையா வா!"

நான் சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தேன். "தாய் எங்கியாச்சும் சேத்துக்குள்ள கெடந்து தப்பிச்சிருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். இருக்கும் என்றேன். உன் பேச்சுக்கு நான் தலையாட்டியது அன்று மட்டும்தான்.

கரை ஏறினோம். சிவப்பு இருந்தது, முன்பு கண்டதைவிடப் பெரிதாக. நீ ஒரு கல்லை எடுத்து வீசினாய். குஞ்சுகளாயிருந்தால் சிதறி ஓடி மறுபடி கூடியிருக்கும். வளையம் விரிந்து அடங்கியது, சிவப்பு அப்படியே கிடந்தது. வாய்க்காலைப் பார்த்தோம். வந்துகொண்டிருந்த தண்ணீரெல்லாம் அதே நிறம். சாயப்பட்டறைத் தண்ணீரின் நெடி அதன் பிறகுதான் மூக்கில் ஏறியது.

"அட கெரகமே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாய்.

சில நாட்களில் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஜிலேபி மட்டும் பிழைத்தது. அப்போதாவது உன் வாய் அடங்கியதா?

"கடைசீல என்ற மீனுதான நின்னுச்சு? விராலக் கொன்னது சாயமுங்க சாமி, நானில்லீங்க" என்று எனக்குப் பெரிய கும்பிடு போட்டாய்.

சாயம் வருமுன்பே விரால் போய்விட்டது என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அடியில முங்கிப் பாத்தியா?" என்பாய். பார்க்கவில்லைதான். இனி யார் முங்கினாலும் தெரியப்போவதில்லை. வழக்கு தீராமலே நீயும் கிளம்பிவிட்டாய்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஜிலேபியையும் மன்னிக்கவில்லை, கரையில் எழுந்த சிரிப்பையும் மன்னிக்கவில்லை. ஆனால் சிவப்பைக் கண்டதும் நீ ஓடிவந்தது என் வீட்டுக்கு. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் எரிச்சல்தான் வருகிறது.

நொய்யல் பாலத்தில் போகும்போது தண்ணீர் சிவந்து கிடந்தால் இன்றும் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். சாயம் என்று தெரியும். பின்னால் வருபவன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான். அவன் திட்டி முடிப்பதற்குள் ஒரு கல்லைத் தேடி எடுத்து வீசிப் பார்த்துவிடுகிறேன்.