நானூற்று நாற்பத்திரண்டரை ரூபாய்

ராயபுரம்,
13-3-1954.

என் மகள் தங்கபுஷ்பத்துக்கு உன் ஐயா மாசானம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம், பம்பாயில் உன் சுகமும் பேத்தி ஜெயக்கொடியின் சுகமும் அடுத்த தபாலில் தெரிந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கும். கருப்பட்டி விலை இறங்கிக் கிடக்கிறது, கடை ஏதோ ஓடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் போட்டால் குறைகிறது, போடாவிட்டாலும் குறைகிறது, ஆனாலும் தைலம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறாள்.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆயிற்று, விசாரிக்காமல் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆஸ்பத்திரி ஆயா வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, பார்சி அம்மாள் ஒருத்தி நடத்தும் பள்ளியில் எட்டு மாதம் பெண்களுக்கு முடி திருத்தவும் சுருட்டவும் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யவும் படிக்கப் போகிறேன், போட்ட பணம் திரும்புமா என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். முதலில் நம் சங்கத்துக்குப் போனேன், மூட்டைக்கு இவ்வளவு என்று கடைக்காரர் எல்லாரும் போடுகிற மகமைப் பணத்தில் படிப்புக்குக் கடன் கொடுப்பது உனக்குத் தெரியும். செயலாளர் வெள்ளத்துரை அண்ணாச்சி, வாத்திச்சி வேலைக்குப் படிக்கட்டும், டைப்பு அடிக்கப் படிக்கட்டும், மசுரு வெட்டுத படிப்புக்கு மகமைப் பணம் குடுத்தா ஊரு சிரிக்கும் வேய் என்றார். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அதன் அருமை அவருக்கு எப்படித் தெரியும், நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நம் வழக்கப்படி செய்தேன். புதுக் கடை போடுமுன் அதே தொழில் செய்கிறவன் கடைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தலை எண்ணுவோமே, அது. ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுகிற ஜார்ஜின் சம்சாரம் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் சட்டைக்கார ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிற கடை வைத்திருக்கிறாள். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேன், இருபத்துநாலு தலை. தலைக்கு இரண்டரை ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கிறது, நாளைக்கு அறுபது, மாதத்துக்கு இருபத்தாறு நாள் வைத்தால் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. நம் கடையை மூடிவிட்டு நானும் கத்தரி பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது என்று அடுத்த சனிக்கிழமையும் போனேன், பொழுது சாய்கிற வரைக்கும் மூன்றே தலை. நான் முழித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாளே தெருவைத் தாண்டி வந்து, இன்னா நைனா, ரெண்டு வாரமா எங் கடையையே மொறைச்சிகினு குந்திகினுகீறே, போலீசைக் கூப்பிடவா என்றாள். மானம் போயிற்று. என் மகள் இந்தத் தொழில் படிக்கக் கேட்கிறாள் அம்மா என்று உண்மையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். போன வாரம் வந்ததெல்லாம் கண்ணாலக் கூட்டம் நைனா, புதங்கிழம விபூதி நாளு, நோம்பு தொடங்கிடுச்சி, அப்பால ஈஸ்டர் வர்ற வரைக்கும் எங்காளுங்க கண்ணாலம் கட்ட மாட்டாங்க, அதான் ஈ ஓட்டிகினுகீறேன் என்றாள். தாவணி கட்டாத கவுன்காரர்களுக்கும் விபூதி நாள் ஒன்று உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள், நல்ல நாளும் பொல்லாத நாளும் பார்த்து வியாபாரம் செய்கிறவன் அடுத்தவர் பஞ்சாங்கம் பார்க்காமல் ஏமாந்தேன்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். வருஷம் முழுக்கச் சராசரி பார்த்தால் செலவு போக மாதம் நூற்றுப்பத்து நிற்கிறதாம், வாடிக்கைக்காரப் பெண்களில் பாதிப் பேர் சீமைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறிவிட்டார்களாம். சுருட்டுகிற மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது, எனக்குக் காட்டினாள். ஆனா ஜார்ஜு கால் ஒடிஞ்சு கெடந்தப்போ இந்தக் கத்திரிதான் நைனா சோறு போட்டுச்சு என்றாள். 

உன் கணக்கு இப்படி. பள்ளிக்கு முந்நூற்று ஐம்பது, கத்தரி சாமான்களுக்குத் தொண்ணூறு, எட்டு மாத அரைச் சம்பளம் போனது நூற்றெண்பது, ஆக அறுநூற்று இருபது. படித்த உடனே அறுபது ரூபாய் தருவார்கள் என்கிறாய், இப்போது வாங்குவதைவிடப் பதினைந்து கூட. போட்டது திரும்ப மூன்றரை வருஷம். சொந்தக் கடை வைத்தால் சீக்கிரம் திரும்பும், வைக்க வேறு பணம் வேண்டும். வியாபாரி என்ற முறையில் கேட்டால் நான் இதில் பணம் போடமாட்டேன்.

உன் அம்மா கணக்கே பார்க்கவில்லை. தாலியறுத்தவ கலியாணப் பொண்ணுக்குச் சடை பின்னுனா எவ உக்காருவா, சனம் எம் மகளை வாசல்லயே நிறுத்தி வச்சிப் பேசும், அதைக் கேக்கவா படிக்கப் போறா என்று அழுதாள். மாப்பிள்ளை இறந்தபோது உன் தலையிலிருந்த பூவை எடுத்தது அவள் கைதான், அதை அவள் மறக்கவில்லை. இதையும் நான் ஜார்ஜ் சம்சாரத்திடம் கேட்டிருந்தேன், மறைப்பானேன். தலை நல்லா வந்தா போதும், கையைப் பாப்பாங்களா கழுத்தைப் பாப்பாங்களா நைனா என்றாள். அதை வந்து சொன்னேன். நாலு நாள் உன் அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்தாம் நாள் சோறு போடும்போது, அந்தப் படிப்பு படிச்சா அவளும் தன் தலையைச் சீவிக்கிடுவாளா என்று கேட்டாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

இந்த மூன்று வருஷமாக உன் கடிதம் எல்லாவற்றிலும் எனக்கு ஒன்றும் வேண்டாம் ஐயா என்றுதான் இருந்தது. இதில்தான் ஒன்று கேட்டிருக்கிறாய். கடைக்குப் புதுத் தராசு வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துவிட்டேன், பழையது இன்னும் சரியாகத்தான் நிறுக்கிறது. படி. மருந்து தொட்ட கையைத் தேங்காயெண்ணெய் போட்டுக் கழுவு, ஜெயக்கொடிக்குப் பால் நிறுத்தாதே, பள்ளியில் ரசீது வாங்காமல் பணம் கட்டாதே.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும், உன் கை தொட்டது துலங்க வேண்டும். ஒன்றை மறக்காதே. பள்ளிக்கும் கத்தரி சாமான்களுக்கும் சேர்த்து நானூற்று நாற்பதுதான், ஆனால் மணியார்டர் நானூற்று நாற்பத்திரண்டரை என்று வரும், நான் கூட்டலில் தப்புச் செய்யவில்லை. அந்த இரண்டரை ரூபாய் உன் அம்மா முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது, அதைச் செலவழிக்காமல் தனியாக முடிந்து வை. படிப்பு முடித்து ஊருக்கு வந்ததும் முதல் போணி அவள் தலைதானாம், நீதான் சீவிப் பின்னிப் பூ வைத்துவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் ஐயா
மாசானம்